மன்றத்துக் கூரைக்கு ஒரு கை கொடுங்கள்

ஊரில் இருக்கும் எல்லோருக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் மன்றச் செயற்குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். மன்றத்தின் கூரை ஒழுகுகிறது. போன மழைக்காலத்தில் உள்ளே ஐந்து வாளிகள் வைத்திருந்தோம். தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் தலை நிமிராமலே, சொட்டு விழும் சத்தம் மாறுவதை வைத்து, "மூணாவது வாளி நெறஞ்சிருச்சு, யாராவது மாத்துங்க" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். சதுரங்கம் ஆடும் பையன்கள் காய் ஒன்றுகூட நகராமல் மேசையைத் தூக்கி நனையாத பக்கம் வைப்பதில் கெட்டிக்காரர்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, படிப்பறை அலமாரியின் பின்பக்கம் கரையான் மண் ஏறியிருப்பதைப் பார்க்கும் வரை.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. போன முறை கையில் காசு இருந்தபோது கூரையைத் தொடாமல் சுவருக்கு வெள்ளையடித்தோம். பார்க்க நன்றாக இருந்தது. அடுத்த மழைக்கே அது அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. பொதுக்குழுவில் திட்டு வாங்கினோம், நியாயமான திட்டு.

அப்புறம் ஒரு தச்சரைக் கூட்டிவந்து மேலே ஏறிப் பார்க்கச் சொன்னோம். நாங்கள் நினைத்திருந்தது, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும், நாலு ஓடு மாற்றினால் போதும் என்று. அப்படி இல்லையாம். உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் தண்ணீர், ஓடு அடுக்கியிருக்கும் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் ஓடி, எங்கே தடை வருகிறதோ அங்கேதான் சொட்டும். வாளி ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். அதோடு வடக்குச் சரிவில் கூரையைத் தாங்கும் சாய்ந்த மரங்களில், அதாவது கைமரங்களில், ஆறு உளுத்துவிட்டன. அந்தச் சரிவு முழுவதையும் பிரித்து, மரத்தை மாற்றி, நல்ல ஓடுகளைத் திரும்ப அடுக்கி, உடைந்தவற்றுக்குப் புதிது போட வேண்டும். முகட்டு ஓடுகளுக்குப் புதிதாகப் பூச வேண்டும். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரிலும் ஈரம் ஏறியிருப்பதால் வயரிங்கையும் மாற்றியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட எங்களுக்குத் தைரியம் இல்லை.

"எல்லார் கையிலும் போன் இருக்கு, மன்றம் எதுக்கு?" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். இன்னொருவர், தையல் வகுப்பை யாராவது வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சதுரங்கத்தை ஒரு திண்ணைக்கு மாற்றலாம், புத்தகங்களை நாலு வீட்டில் பிரித்து வைக்கலாம் என்றார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் அது அந்த வீட்டின் வகுப்பாகிவிடும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் மறு வாரமே நின்றுவிடுவார்கள். சின்ன ஊர் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு பேர் மன்றத்தில் ஒரே கேரம் போர்டில் எதிரெதிரே உட்காருகிறார்கள். அவர்களுக்குள் பேச்சு, "ரெட் விழுந்துச்சா?", "விழுந்துச்சு" என்பதோடு சரி. அந்த இரண்டு வார்த்தையைப் பேச ஊரில் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. மன்றம் யாருடைய வீடும் இல்லை, அதனால்தான் எல்லோரும் வருகிறார்கள்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. டென்மார்க்கில் 1870களிலிருந்து கிராமத்துக்குக் கிராமம் கூட்ட மண்டபம் எழுப்பினார்கள். பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்காகப் போட்டார்கள், வேலையில் ஒரு பகுதியைத் தாங்களே செய்தார்கள். கனடாவில் ஸ்டோனி கிரீக் என்ற சிற்றூரில் 1897 பிப்ரவரியில் கிராமத்துப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கக் கூட்டம் போட்டபோது 101 பெண்கள் வந்தார்கள். அதே சங்கம் 1915இல் வேல்ஸில் லான்வைர்புல் என்ற கிராமத்தின் வழியாக பிரிட்டனுக்குள் நுழைந்தது. பிறகு அங்கே பல ஊர்களில் அந்தச் சங்கத்துப் பெண்களே முன்நின்று ஊர் மண்டபம் கட்டினார்கள். நம் தையல் வகுப்புக்காரர்களிடம் இதைச் சொன்னதும், "நாங்க கட்ட வேண்டாம், ஏற்கெனவே இருக்கறதை ஒழுகாம வெச்சாப் போதும்" என்றார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. பணமாகத் தருகிறவர்கள் எவ்வளவு தந்தாலும் சரி, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடவில்லை. பணம் தோதுப்படாதவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். ஓடு இறக்க, பாசி சுரண்ட, மேலே நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்க ஆட்கள் வேண்டும். அதற்கும் பெயர் எழுதி ரசீது தருவோம், பணத்துக்கு ஒரு ரசீது, உழைப்புக்கு ஒரு ரசீது என்று பிரிக்கமாட்டோம். நல்ல நிலையில் பழைய ஓடு, மரக்கட்டை வைத்திருப்பவர்கள் முதலில் சொல்லுங்கள். அளவு பொருந்துகிறதா என்று நாங்களே வந்து பார்க்கிறோம்.

வரும் பணத்தில் நுழைவாயில் வளைவு கட்டமாட்டோம், கல்வெட்டு வைக்கமாட்டோம். டியூப்லைட்டில் "உபயம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வேலையும் கிடையாது. இதில் மனவருத்தம் வருகிறவர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம்.

புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. போன தடவை கேட்டபோது மூட்டை மூட்டையாக வந்தன, பெரும்பாலும் பழைய பாடப்புத்தகங்களும் கைடுகளும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்த மூட்டைகளுக்கான வாசகரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால் கூரை முடியும்வரை புத்தகம் வேண்டாம், முடிந்தபிறகு நாங்களே கேட்கிறோம்.

கணக்கு விஷயத்தில் சந்தேகமே வரக்கூடாது என்று நினைக்கிறோம். பணத்தைப் பொருளாளரிடமோ, மாலை நேரத்தில் மன்றத்திலோ கொடுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு பேர் கையெழுத்து போடுவார்கள், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கமாட்டார்கள். வரவும் செலவும் வாரம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதையே படம் பிடித்து அனுப்புவோம். பணம் மிஞ்சினால் தெற்குச் சரிவுக்கு வைப்போம், வெள்ளையடிக்க அல்ல.

வேலையை மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஓடு இறக்கத் தொடங்குகிறோம். ஏணி இரண்டு இருக்கிறது, ஒன்றுக்குப் படி ஆடுகிறது. நல்ல ஏணி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே கொண்டுவந்து போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மன்றச் செயற்குழு