வெந்த முட்டையில் உடைவது எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த புரதம், டிஎன்ஏ பற்றிய கட்டுரை எளிய நடையில் இருந்தது. ஆனால் ‘உடைகிறது’ என்ற ஒரே சொல் அதில் நான்கு வெவ்வேறு வேதி நிகழ்வுகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. முட்டையை வேகவைத்தால் புரதம் உடைகிறது, வயிற்றில் புரதம் உடைகிறது, தலைமுடியைச் சுருளாக்கும்போது புரதம் உடைகிறது, சூடாக்கினால் டிஎன்ஏ உடைகிறது. எந்தப் பிணைப்பு உடைகிறது என்று எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் ‘வேகவைத்த முட்டையில் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடுவதால் எளிதில் செரிக்கிறது’ என்ற வரி வந்து விழுந்திருக்கிறது. எளிதில் செரிக்கிறது என்பது சரி. காரணம் தவறு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்ஸில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு இணைவது பெப்டைடு பிணைப்பு. அதிலுள்ள கார்பன்–நைட்ரஜன் இடைவெளி சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்), சாதாரண ஒற்றைப் பிணைப்பில் இது 1.47 அளவுக்கு இருக்கும். பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் கொண்டதால் அது சுழலாமல் தட்டையாக நிற்கிறது. சங்கிலி மடங்குவதற்கு ஆல்ஃபா கார்பனின் இரு பக்கத்திலும் உள்ள கோணங்கள்தான் மிச்சம். அந்தக் கோணங்களில் எவை சாத்தியம், எவை இடிக்கும் என்று காட்டும் வரைபடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்டார்கள். இன்றும் புதிய புரத அமைப்புகளை அதில் பொருத்தித்தான் சரிபார்க்கிறார்கள். தமிழில் எழுதும் ஒரு கட்டுரை அதை விட்டுவிட்டது வருத்தமே.

இந்தப் பிணைப்பு நீரோடு சேர்ந்து பிளவுபடுவது (நீராற்பகுப்பு) ஆற்றல் கணக்கில் சாதகமானதுதான். ஆனால் வேகம் மிகமிகக் குறைவு. நடுநிலை நீரில், அறை வெப்பத்தில், பாதிப் பிணைப்புகள் பிளக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பத்து நிமிடக் கொதி அதை ஒன்றும் செய்துவிடாது. ஆய்வகத்தில் புரதத்தை முழுதாக நீராற்பகுக்க 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்றை அகற்றி மூடிய குழாயில், 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் கணக்கு முழுமையாக வராது. டிரிப்டோபேன் அழிந்துபோகும். அஸ்பராஜின், குளுட்டமின் இரண்டும் அம்மோனியாவை இழந்து அஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களாக மாறிவிடும். செரினிலும் திரியோனினிலும் ஒரு பகுதி போகும். வாலினும் ஐசோலியூசினும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களோ 72 மணி நேரம் வரை பிடிவாதம் பிடிக்கும். இத்தனையையும் ஓர் அடுப்படிப் பாத்திரம் செய்துவிடுமா?

அப்படியானால் முட்டையில் நடப்பது என்ன? வெள்ளைக் கருவின் முக்கியப் புரதமான ஓவால்புமின் 385 அமினோ அமிலங்களின் சங்கிலி. சூடு ஏறும்போது அதன் மடிப்பைப் பிடித்து நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளும், நீரை வெறுக்கும் பக்கச் சங்கிலிகள் உள்ளே ஒதுங்கியிருந்த ஏற்பாடும் கலைகின்றன. சங்கிலி அறுவதில்லை, பிரிந்து விரிகிறது. இதற்குத்தான் ‘இயல்பிழத்தல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. வெளியே வந்த நீர்வெறுப்புப் பகுதிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஓவால்புமினில் உள்ள, கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனின் நான்கு தனித்த அலகுகள் சங்கிலிகளுக்கிடையே புதிய டைசல்பைடு பிணைப்புகளையும் (கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையேயான பிணைப்பு) உண்டாக்குகின்றன. கடைசியில் நீரைப் பிடித்துவைத்த ஒரு வலை. வெந்த முட்டை கெட்டியாவது பிணைப்புகள் கூடியதால்தான்! செரிமானம் எளிதாவதும், விரிந்த சங்கிலியில் நொதிகள் வெட்ட வேண்டிய இடங்கள் எட்டும்படி வெளியே தெரிவதால். குடலில் வேலைசெய்யும் டிரிப்சின் என்ற நொதி, லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களையும் அடுத்துத்தான் வெட்டும். அவை மடிப்புக்குள் மறைந்திருந்தால் அதற்கு வேலையில்லை. பெப்டைடு பிணைப்பு உண்மையிலேயே உடைவது வயிற்றிலும் குடலிலும்தான்.

இதைப் பள்ளி ஆய்வகத்திலேயே காட்டிவிடலாம். பட்டாணி அளவு வெந்த வெள்ளைக் கருவைச் சோதனைக் குழாயில் இட்டு, 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 2 மில்லி சேர்க்கவும். 1 சதவீத தாமிர சல்பேட்டை ஒவ்வொரு துளியாக, மூன்று நான்கு துளிகளுக்கு மிகாமல் விட்டுக் குலுக்கவும். துண்டு ஊதா நிறம் ஏறும். இது பையூரெட் சோதனை; குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்புகளாவது இருந்தால்தான் இந்த ஊதா வரும். பக்கத்துக் குழாயில் கிளைசின் கரைசலை வைத்து இதையே செய்தால் நீலத்தோடு நின்றுவிடும். வழக்கமாகத் தவறு நடப்பது தாமிர சல்பேட்டை அள்ளி ஊற்றுவதில்: தாமிர ஹைட்ராக்சைடின் நீல வீழ்படிவு ஊதாவை மறைத்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

விரிந்த சங்கிலி திரும்ப மடங்குமா என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், 124 அமினோ அமிலங்களும் நான்கு டைசல்பைடு பிணைப்புகளும் கொண்ட, ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ரைபோநியூக்ளியேஸை, மடிப்பைக் கலைக்கும் 8 மோலார் யூரியாவிலும் டைசல்பைடுகளைப் பிரிக்கும் மெர்காப்டோஎத்தனாலிலும் விரித்தார். இரண்டையும் அகற்றிக் காற்றில் விட்டபோது நொதி பழைய வேலையைத் தொடங்கியது. யூரியா இருக்கும்போதே டைசல்பைடுகளைச் சேரவிட்டால் எட்டு சிஸ்டீன்களும் தாறுமாறாக இணைந்து, செயல்பாடு ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு வந்துவிட்டது. முடியைச் சுருளாக்குவதும் இந்த வகைதான். முடியின் புரதமான கெரட்டினின் டைசல்பைடுகளைத் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் பிரிக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு புதிய இடத்தில் சேர்க்கிறது. பெப்டைடு பிணைப்பு அங்கேயும் அப்படியே.

டிஎன்ஏவிலும் இதே குழப்பம். 95 டிகிரியில் பிரிவது இரண்டு இழைகள் மட்டுமே. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பவை, டிஎன்ஏவின் எழுத்துகளான நைட்ரஜன் காரங்களில் அடினின்–தைமின் இடையே இரண்டும் குவானின்–சைட்டோசின் இடையே மூன்றுமான ஹைட்ரஜன் பிணைப்புகளும், காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கும் ஈர்ப்பும். ஒவ்வோர் இழையின் பாஸ்போடைஎஸ்டர் முதுகெலும்பும் (சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி இணைந்த சங்கிலி) முழுதாக இருக்கும். மெல்ல ஆறவைத்தால் இழைகள் மறுபடி சேரும். டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை நடப்பதே இதை நம்பித்தான். இழையை உண்மையில் அறுப்பது வேறு: அமிலத்தில் பியூரின் காரங்கள் (அடினின், குவானின்) உதிர்ந்து அந்த இடம் பலவீனமாகிறது, மெக்னீசியத்தைத் துணைக்கொண்டு டிஎன்ஏஸ் நொதி வெட்டுகிறது. மாதிரியை பிஹெச் 8இல், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருளோடு சேமிப்பது இந்த இரண்டுக்காகவும்தான். ஆர்என்ஏவைக் காரக் கரைசலில் வைத்தால் கதை வேறு. ரைபோஸின் 2ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் பக்கத்துப் பாஸ்பேட்டையே தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடும். டிஎன்ஏவில் அந்த ஆக்சிஜன் இல்லை.

‘டிஎன்ஏவின் அமினோ அமிலங்கள்’ என்ற பெட்டிச் செய்தித் தலைப்பு கைதவறியதாக இருக்கலாம். டிஎன்ஏ சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரங்களால் ஆனது. அமினோ அமிலம் எதுவும் அதில் இல்லை. புரதத்தில் கந்தகம் உண்டு, டிஎன்ஏவில் இல்லை. டிஎன்ஏவில் பாஸ்பரஸ் நிறைய. மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று காட்டிய சோதனையில், 1952இல் ஹெர்ஷியும் சேஸும் கதிரியக்கக் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் வைத்து இரண்டையும் தனித்தனியே பின்தொடர முடிந்தது இந்த வேறுபாட்டால்தான்.

அமினோ அமிலத்தின் படத்தையும் பார்க்க வேண்டும். உடலின் பிஹெச் அளவில் அமினோ முனை நேர்மின்னும் கார்பாக்ஸில் முனை எதிர்மின்னும் ஏற்ற சுவிட்டர் அயனியாக இருக்கும். கட்டுரைப் படத்தில் இரண்டும் மின்னூட்டமின்றி உள்ளன.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட இடம் குறைவென்றால், செரிமானம் பற்றிய அந்த வரியையும் பெட்டிச் செய்தியின் தலைப்பையும் மட்டுமாவது மாற்றி அச்சிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் துறை வாசகர்