கணிதத்தை இணையவழியில் கற்பிக்க யார் பழக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி மழை பிடித்துக்கொண்டால், மண்டபம் கிடைக்காவிட்டால், வெளியூரிலிருந்து வரும் விரிவுரையாளருக்கு பஸ் தவறிவிட்டால், எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே மருந்துதான்: "ஒன்லைனில் எடுத்துவிடுங்கள்." மற்றப் பாடங்களுக்கு இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தந்தப் பாடத்தவர்கள் சொல்லட்டும். என் பாடம் கணிதம். உயர்தர வகுப்புகளில் இணைந்த கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது திருகோணமலையில் வார இறுதிகளில் வருகைதரு விரிவுரையாளராக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்கணிதமும் அட்சரகணிதமும் எடுக்கிறேன். கணித விரிவுரையாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி என்ற பெயரில் கொடுக்கப்படுவது கணிதத்தின் பக்கமே வருவதில்லை. இதை உரியவர்களின் காதில் போட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது யாரும் பயிற்சி கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற கணினி வலையமைப்பின் ஊடாக அவற்றுக்குச் சூம் வசதி கிடைத்தது. அவற்றின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்கவும் வழி செய்யப்பட்டது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. பிறகு 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. மறுபடியும் இணையவழி. நெருக்கடிக் காலத்தில் ஒப்பேற்றியதைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒப்பேற்றலே நிரந்தர முறையாகிவிட்ட பிறகும் வாய் மூடி இருப்பதுதான் சரியில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் இங்குள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்று நடத்திய செயலமர்வுக்கு என்னையும் அழைத்தார்கள். வளவாளர் நல்ல மனிதர், தன் வேலை தெரிந்தவர். சூமில் பின்னணிப் படத்தை மாற்றுவது, மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிப்பது, வரவுப் பதிவை இறக்கி எடுப்பது என்று முற்பகல் முழுவதும் காட்டினார். தேநீருக்குப் பிறகு நான் கேட்டேன்: "மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தொகையீட்டை வரி வரியாகச் செய்துகாட்ட வேண்டும். எதில் எழுதுவது?" மவுஸைப் பிடித்துத் திரையிலேயே எழுதலாம் என்றார். எழுதியும் காட்டினார். முன்வரிசையில் இருந்த கணக்கியல் விரிவுரையாளர் அந்தத் தொகையீட்டுக் குறியை டொலர் என்று வாசித்தார். "இல்லாவிட்டால் தீர்வுகளைப் பவர்பாயிண்டில் தட்டச்சுச் செய்து கொண்டுவந்துவிடுங்கள்" என்றார் வளவாளர். அத்துடன் விடயம் முடிந்தது. பிற்பகலில் சான்றிதழ் தந்தார்கள், படம் எடுத்துக்கொண்டோம்.

பவர்பாயிண்டில் கணிதம் கற்பிக்க முடியாது என்று நான் சொன்னால் பிடிவாதக்காரக் கிழடு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். ஏழு வரித் தீர்வு ஒரே சொடுக்கில் திரையில் வந்து நிற்கும்போது மாணவன் என்ன செய்வான்? படம் பிடித்து வைத்துக்கொள்வான். கையால் எழுதும்போது விரிவுரையாளரின் வேகமும் மாணவனின் கொப்பி வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மூன்றாம் வரியில் பேனையை நிறுத்தி, "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பிரதியீடு செய்வதா, பகுதிகளாகத் தொகையிடுவதா என்று அவன் தனக்குள் தடுமாறுகிற அந்த அரை நிமிடத்தில்தான் கணிதம் நடக்கிறது.

எழுதுவதற்குப் பெரிய செலவும் இல்லை. எழுத்துப் பலகையும் அதற்கான மின்பேனையும் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். மற்றவர்களுக்குக் கையடக்கத் தொலைபேசி போதும். மேசையில் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஓர் அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, தொலைபேசியை அதன்மேல் கிடத்தி, கமரா கீழே உள்ள தாளைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதையே இரண்டாவது பங்கேற்பாளராகச் சூமில் சேர்த்து, அதன் ஒலியை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும். நீலக் குமிழ்முனைப் பேனை ஆகாது. தடித்த கறுப்புப் பேனை வேண்டும். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், கையின் நிழல் எழுத்தில் விழாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க எழுத வேண்டியிருக்கும், உப்புவெளியில் சித்திரை மாதத்தில் அது ஒரு தனித் தவம். ஒரு தாளில் ஐந்தாறு வரிக்குமேல் எழுதக்கூடாது; மறுமுனையில் பெரும்பாலானவர்கள் உள்ளங்கை அளவுத் திரையில்தான் பார்க்கிறார்கள். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். அந்தச் செயலமர்வில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

பேசுகிற முறையும் மாற வேண்டும். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ சேரும் மாணவிக்குச் சிக்னல் தளர்ந்தால் முதலில் உறைவது படம். குரல் எப்படியோ தொடர்ந்து வரும். அந்த நேரத்தில் "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் இது வரும்" என்று விரலால் சுட்டிக் கற்பிப்பவரின் வகுப்பு அவளுக்கு இருட்டறை. "இரண்டு பக்கத்தையும் எக்ஸ் கூட்டல் இரண்டால் பெருக்குகிறேன்" என்று செய்வதை முழுமையாகச் சொல்லப் பழகியவரின் வகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டும் எழுதிவிடலாம். முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாக வராது. பக்கத்தில் ஒருவர் இருந்து, "இப்போது 'இது' என்றீர்களே, எது?" என்று குறுக்கிட்டால்தான் வரும்.

இதைவிடப் பெரிய விடயம் மாணவரின் கையைப் பார்ப்பது. ஓர் உதாரணம் சொல்கிறேன். எக்ஸ் கழித்தல் 3 ஐ எக்ஸ் கூட்டல் 2 ஆல் வகுத்தால் 1 ஐவிடப் பெரிதாக வேண்டும். எக்ஸின் பெறுமானங்களைக் காண்க. எளிய சமனிலி. மூதூரிலிருந்து படிக்கும் ஒரு மாணவர் தன் செய்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் வரியில் கேள்வி. இரண்டாம் வரியில் இரு பக்கத்தையும் எக்ஸ் கூட்டல் 2 ஆல் பெருக்கிவிட்டார். மூன்றாம் வரியில் எக்ஸ்கள் இரண்டும் வெட்டுப்பட்டு, மறை 3 என்பது 2 ஐவிடப் பெரிது என்று வந்துவிட்டது. நடக்காத காரியம். ஆகவே "தீர்வு இல்லை" என்று அழகாகக் கோடிட்டு முடித்திருந்தார். உண்மையில் மறை 2 ஐவிடச் சிறிய எல்லா எண்களும் தீர்வுதான். மறை 3 ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 6 வரும், பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கும் கணியம் மறையாக இருந்தால் சமனிலிக் குறி திரும்பும் என்பதை அவர் மறக்கவில்லை. எண்ணால் பெருக்கும்போது அதைச் சரியாகச் செய்கிறார். அட்சரத்துக்குள்ளே மறை ஒளிந்திருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வகுப்பறையில் மேசைகளுக்கிடையே நடந்தால் இரண்டாம் வரியிலேயே இது கண்ணில் பட்டிருக்கும். இணையவழிப் பல்தேர்வு வினாவில் அவர் "தீர்வு இல்லை" என்பதைத் தெரிவுசெய்திருப்பார், பூச்சியம் வந்திருக்கும். ஏன் பூச்சியம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படியானால் வகுப்பு நடக்கும்போதே செய்கையின் படங்களைப் பெறுவது எப்படி, நாற்பது படங்களில் எந்த நாலைத் திறப்பது, ஒருவரின் பிழையை அவர் பெயர் வெளிப்படாமல் எல்லோர் முன்னும் பேசுவது எப்படி? இவைதான் பயிற்சியில் வர வேண்டியவை. ஒலிவாங்கியைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் தனிச்செய்தியில் "சேர், விளங்கவில்லை" என்று எழுதுவார்கள். அந்தச் செய்தி வந்திருப்பதைக் கவனிப்பதும் ஒரு பழக்கம்தான்.

தன்னியக்கமாகப் புள்ளியிடும் வினாக்களை நான் வெறுப்பவனல்லன். மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் எண்களை மாற்றி மாற்றி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கணக்கு வரச் செய்யலாம். ஆனால் சைன் எக்ஸையும் கோசைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால் ஒருவர் சைன் வர்க்கத்தின் அரைப்பங்கு என்பார். இன்னொருவர் மறை அடையாளத்துடன் கோசைன் வர்க்கத்தின் அரைப்பங்கு என்பார். மூன்றாமவர் மறை அடையாளத்துடன் கோசைன் இரண்டு எக்ஸின் காற்பங்கு என்பார். தொகையீட்டின் முடிவில் கூட்டும் எதேச்சை மாறிலியை மறக்காமல் போட்டிருந்தால் மூவரும் சரி. சாதாரண வினாநிரல் ஒருவருக்குத்தான் புள்ளி போடும். இதற்கென்றே பிரித்தானியாவில் கிறிஸ் சாங்வின் என்ற கணிதப் பேராசிரியர் 2004 இல் தொடங்கிய 'ஸ்டாக்' என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், மூடிலுடன் பொருத்தலாம். பின்னால் 'மாக்சிமா' என்ற அட்சரகணித மென்பொருளை ஓடவிட்டு, விடை வடிவத்தில் வேறுபட்டாலும் கணிதப்படி சரியா என்று அது பார்க்கும். வழக்கமான பிழைக்கு வழக்கமான குறிப்பையும் திருப்பி அனுப்பும். குறிப்பை நாம்தான் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரு நல்ல வினாவை ஆக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆகையால் திருகோணமலையில் கணிதம் எடுப்பவர்கள் சேர்ந்து ஒரு வினா வங்கியை ஆக்குவதே புத்தி. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள்; பொருத்திக்கொடுக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கணக்கைப் படம் பிடித்தால் படிமுறையுடன் விடை தரும் செயலி 2014 இலேயே வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தது. கமராவை முகத்துக்கு நேரே வைக்கச் சொல்வது கண்துடைப்பு. ஒவ்வொரு மாணவரையும் ஐந்து நிமிடம் அழைத்து, "உன் நாலாம் வரி எப்படி வந்தது?" என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கொடுப்பனவு வேண்டும்.

கொடுப்பனவு என்றதும் இன்னொன்று. பல்கலைக்கழகங்களில் நிரந்தர நியமனம் பெறும் புதிய விரிவுரையாளர்கள் பணி உறுதிப்படுத்தலுக்கு முன்னர் கற்பித்தல் பயிற்சிநெறி ஒன்றை முடித்தாக வேண்டும். வருகைதரு விரிவுரையாளருக்கு அப்படி எதுவும் இல்லை. எங்களுக்கு விரிவுரை மணித்தியாலத்துக்குத்தான் பணம். வினா ஆக்கும் மாலைக்கும், படங்களைத் திருத்தும் இரவுக்கும், செயலமர்வில் உட்காரும் சனிக்கிழமைக்கும் கணக்கில்லை. டேட்டாவும் எங்கள் செலவு. நானாவது ஓய்வூதியக்காரன். நேற்றுப் பட்டம் பெற்று இரண்டு இடங்களில் மணித்தியால வேலை செய்யும் இளம் விரிவுரையாளர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள்?

நான் கேட்பது ஆடம்பரமான ஒன்றல்ல. ஒருநாள் செயலமர்வுகளை விட்டுவிட்டு, ஓர் அரையாண்டு முழுவதும் இரு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிற பயிற்சி வேண்டும். நடத்துபவர்கள் கணிதம் கற்பிப்பவர்களாக இருக்க வேண்டும், தமிழில் நடக்க வேண்டும். முதல் இரண்டு அமர்வுகளில் விரிவுரையாளர்கள் மாணவர்களாக இருக்கட்டும்: தங்கள் வீட்டில், தங்கள் தொலைபேசியில், வை-ஃபை இல்லாமல் ஒரு பாடத்தைக் கேட்டு, பயிற்சியைச் செய்து, படமெடுத்து அனுப்பட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் கற்பித்து, பதிவைச் சக விரிவுரையாளர் ஒருவருடன் உட்கார்ந்து பார்க்கட்டும். தன் குரலைத் தானே கேட்பது சிலருக்குக் கசக்கும். மாணவர் செய்கைப் படங்களின் கட்டு ஒன்றைச் சேர்ந்து வாசிப்பதற்கும் ஓர் அமர்வு வேண்டும். வரைபு வரைய உதவும் ஜியோஜீப்ரா, சமன்பாடுகளை அச்சுக்கோக்க உதவும் லேடெக் போன்ற மென்பொருள்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை இலவசமாகக் கிடைக்கின்றன, எங்கும் ஓடிப்போய்விடாது.

வருகைதரு விரிவுரையாளர்களையும் பெயர்ப்பட்டியலில் சேர்த்து, பயிற்சி மணித்தியாலத்துக்கும் விரிவுரை வீதத்திலேயே கொடுப்பனவு வழங்கும்படி மாவட்டத்தின் உயர்கல்வி நிறுவனத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அரையாண்டின் நேரசூசி தயாராகும்போதே பயிற்சி நாட்களையும் அதில் குறித்துவிட்டால், பரீட்சைக் காலத்தில் வந்து மோதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.