ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியே பிளான் வேணும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நான் மதுரையில லேப் டெக்னீஷியன். இப்பல்லாம் ஊர் ஊரா கேம்ப் போட்டு பயோமார்க்கர் (ரத்தத்துல நோயக் காட்டிக்கொடுக்குற அடையாளம்) ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் எடுக்குறாங்க, நல்ல விஷயந்தான், ஆனா எடுத்த டியூப்ப சித்திரை வெயில்ல வேனுக்குள்ள போட்டு உசிலம்பட்டி, பேரையூர்னு சுத்திட்டு சாயங்காலம் வந்து சென்ட்ரிஃபியூஜ்ல (ரத்தத்துலருந்து செல்லத் தனியா பிரிக்கிற மெஷின்) சுத்துனா என்னத்த கண்டுபிடிக்கிறது? பிரிக்காம வச்ச ரத்தத்துல செல்லு சர்க்கரைய தின்னுக்கிட்டே இருக்கும், மணிக்கு 5லருந்து 7 சதவீதம் வரைக்கும் கொறையும், சிவப்பணு உடைஞ்சா பொட்டாசியம் எகிறிரும். நோயாளி ரத்தத்த ஆஸ்பத்திரியிலயே ஒடனே பிரிச்சு, நோயில்லாதவங்க ரத்தத்த மட்டும் கேம்ப்லருந்து லேட்டா கொண்டாந்து பிரிச்சா, தெரியிற வித்தியாசம் நோயால வந்ததா வேனால வந்ததா?

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வாங்கிட்டா மட்டும் பயோபேங்க், அதாவது ஆராய்ச்சிக்கு ரத்த மாதிரிய சேத்து வைக்கிற எடம், ஆயிராது (கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கா, அத மொதல்ல கேளுங்க). ஒவ்வொரு டெஸ்டுக்கும் உருக்கி உருக்கி மறுபடி உறைய வைக்காம மொதல்லயே சின்னக் குப்பிகள்ல பிரிச்சு வச்சிரணும். பிரிட்டன்ல யு.கே. பயோபேங்க்ல 2006லருந்து 2010 வரைக்கும் 5 லட்சம் பேர்கிட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரி முறையில எடுத்து வச்சதாலதான் இன்னைக்கும் அது உலகம் பூரா ஆராய்ச்சிக்கு உதவுது. நம்ம கேம்ப்லயும் எடுத்த நேரம், பிரிச்ச நேரம், சாப்ட்டு வந்தாங்களா வெறும் வயித்துல வந்தாங்களான்னு எழுதி வைக்க தனியா ஒரு ஆள் போடுங்கய்யா, அதுக்கு பட்ஜெட் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், மதுரை