வளைவுகளை ஏன் கையால் தைக்கிறேன்

லிங்கன், நெப்ராஸ்கா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், மறு கண்ணுக்கும் நாள் குறித்துவிட்டதையும் படித்த பிறகுதான் மனம் நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். பேரனின் பொதுத்தேர்வுக்காக வீடே மூச்சடக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவனுக்கு என் ஆசிகளைச் சொல். இங்கே பனி இன்னும் உருகவில்லை. அவருக்கு முழங்கால் வலி குளிரில் கூடுகிறது, மற்றபடி சுகம். மருமகள் வேலை மாறியிருக்கிறாள். பேத்தி தமிழ் எழுத்துகள் எழுதப் பழகுகிறாள், ‘ஞ’ மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கடையில் நல்ல போர்வை கிடைக்கும்போது, இந்த வயதில் துணித் துண்டுகளை வைத்துக்கொண்டு எதற்காக இத்தனை பாடு என்று. நீ அக்கறையோடு கேட்டதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன். எனக்கு அதில் மகிழ்ச்சி இருக்கிறது. காரணம் அவ்வளவுதான். ஆனால் எந்த இடத்தில் அந்த மகிழ்ச்சி இருக்கிறது என்பதை உனக்குக் காட்ட வேண்டும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்டினால் போர்வை. மேல் அடுக்கின் வடிவங்களில் பெரும்பாலானவை சதுரமும் முக்கோணமும் பட்டையும்தான், எல்லாம் நேர்கோடு. அவற்றை நான் தையல் இயந்திரத்தில் அடித்துவிடுகிறேன். வளைவு வரும்போதுதான் ஊசியைக் கையில் எடுக்கிறேன்.

நீ கணக்கு டீச்சர். உன்னிடம் இதை எண்களோடு சொன்னால்தான் எனக்குத் திருப்தி. மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள். அதன் ஒரு மூலையை மையமாக வைத்து, இரண்டரை அங்குல ஆரத்தில் ஒரு கால்வட்டம் போடு. கால்வட்டம் ஒரு நிறம். மிச்சம் இருக்கும் ‘ட’ போன்ற துண்டு இன்னொரு நிறம். தைக்க வேண்டிய கோடு இரண்டிலும் ஒரே நீளம், ஏறக்குறைய 3.9 அங்குலம். ஆனால் தையலுக்காகக் கால் அங்குலம் துணி விட்டு வெட்டுகிறோம் இல்லையா? கால்வட்டத்தில் அந்தக் கால் அங்குலம் வளைவுக்கு வெளியே போகிறது, வெட்டிய விளிம்பு 4.3 அங்குலம் ஆகிவிடுகிறது. ‘ட’ துண்டில் அது உள்பக்கம் வருகிறது, விளிம்பு 3.5 அங்குலமாகக் குறைகிறது. நீளம் ஒத்துப்போகாத இந்த இரண்டு விளிம்புகளை ஒன்றாக வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்தாக வேண்டும். ஆரத்தை மாற்றிப் போட்டுப் பார்: கால்வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறுவதில்லை. எப்போதும் ‘பை’ மதிப்பில் கால் பங்கு, ஏறத்தாழ 0.8 அங்குலம். பெரிய வளைவு அதைத் தன் நீளம் முழுக்கப் பரப்பிக்கொள்கிறது. சின்ன வளைவுக்கு அதற்கு இடமில்லை. சின்ன வளைவுகள் ஏன் அத்தனை முரண்டு பிடிக்கின்றன என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ரவிக்கையில் கை ஏற்றும்போது தையற்காரர் சமாளிப்பதும் இதே சிக்கலைத்தான். அவருக்குக் கைகொடுக்கும் குணமே எனக்கும் கைகொடுக்கிறது. பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுத்தால் துணி அதிகம் கொடுக்காது. குறுக்கே இழுத்தால் நீளும். கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்போடு படிந்து நிற்பது அதனால்தானே? கால்வட்டத்தின் விளிம்பு இரு முனைகளிலும் இழையை ஒட்டிப் போகிறது, நடுவில் சரியாக 45 பாகையில் குறுக்கே போகிறது. ஆகவே ஒரே வளைவுக்குள் முனைகளில் துணி விறைப்பாகவும் நடுவில் இளக்கமாகவும் இருக்கும். ஊசி நகர நகர, விரலுக்கு அடியில் துணியின் குணம் மாறிக்கொண்டே வருவது தெரியும். இதைத்தான் உனக்குக் காட்ட விரும்பினேன்.

ஒரு வளைவை எப்படித் தைக்கிறேன் என்று சொல்கிறேன். மாதிரி அட்டையை வைத்து, துணியின் உட்புறத்தில் பென்சிலால் தையல் கோடு போட்டுக்கொள்வேன். இரண்டு துண்டுகளையும் பாதியாக மடித்து வளைவின் நடுவில் நகத்தால் கீறி அடையாளம் வைப்பேன். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க, ‘ட’ துண்டு என் பக்கம் இருக்க, நடுவில் ஒரு குண்டூசி, முனைகளில் ஒவ்வொன்று. நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் முறுக்கிக்கொள்ளும். விளிம்பிலிருந்து தொடங்காமல், பென்சில் கோடு தொடங்கும் புள்ளியில் முடிச்சும், பின்னோக்கிப் போடும் ஒரு பின் தையலும் போட்டு ஆரம்பிப்பேன். ஊசியில் மூன்று நான்கு சிறு தையல்களைக் கோத்தவுடன் இழுத்துவிடக் கூடாது. துணியைத் திருப்பி, மறுபக்கத்துக் கோட்டின் மேலேயும் ஊசி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் இழுத்து, ஒரு பின் தையல் போட்டு, மேலே போக வேண்டும். இடது ஆள்காட்டி விரலின் மேல் துணியை வளைத்துப் பிடித்துக்கொண்டால், கட்டைவிரல் சின்ன விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுக்கும். முறைத்துக்கொண்டிருந்த இரண்டு விளிம்புகளும் அந்த விரலின் வளைவிலேயே சமாதானம் ஆகிவிடும். அங்குலத்துக்கு ஒன்பது பத்துத் தையல் என்றால் ஒரு வளைவுக்கு நாற்பதுக்குள் முடியும். கடைசி முடிச்சைப் போட்டுப் பிரித்து நகத்தால் நீவும்போது, கால்வட்டம் வார்த்தெடுத்தது மாதிரி தட்டையாகக் கிடக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே அடுத்த துண்டை எடுக்கத் தோன்றும்.

இயந்திரத்திலும் வளைவு தைக்கலாம். எங்கள் குவில்ட் குழுவில் அதை அபாரமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தில் வளைவு தைக்கும்போது இரண்டு அங்குலத்துக்குள் பல தடவை நிறுத்தி, துணியை அழுத்தும் இயந்திரக் காலைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும், வேகம் போய்விடுகிறது. வேகம் இல்லையென்றால் இயந்திரத்தால் எனக்கு என்ன லாபம்? அதோடு அது மேஜையை விட்டு வராது. கையால் தைப்பதற்கு வேண்டியதெல்லாம் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்: பத்தாம் நம்பர் ஊசி, பருத்தி நூல், விரல் நுனியில் மாட்டும் அங்குஸ்தான், கத்தரிக்கோல், வெட்டிய துண்டுகள். அவருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கக் காத்திருக்கும்போதும் என் மடியில் அது இருக்கும்.

எங்கள் குழு நூலகத்தின் ஓர் அறையில் கூடுகிறது. பெரும்பாலும் என் வயதுப் பெண்கள், சிலர் எண்பதைத் தாண்டியவர்கள். எனக்கு வளைவு கற்றுக்கொடுத்தவர் ஒரு பண்ணை வீட்டுப் பாட்டி. பேசவே மாட்டார். என் கையின் மேல் தன் கையை வைத்து, துணியை விரலின் மேல் வளைத்துக் காட்டினார். என் ஆங்கிலத்துக்கோ அவருடைய ஆங்கிலத்துக்கோ அங்கே வேலை வரவில்லை.

இந்தக் கால்வட்டச் சதுரத்துக்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது, அதில்தான் உனக்கு ஆசை பிறக்கும் என்று நினைக்கிறேன். பதினாறு சதுரங்களை நாலுக்கு நாலாக அடுக்கினால் ஒரு கட்டம். ஒரு விதமாகத் திருப்பி அடுக்கினால் கோடு தள்ளாடித் தள்ளாடிப் போகும். அதற்குக் ‘குடிகாரன் பாதை’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை நீலத்திலும் வெள்ளையிலும் தைப்பது பரவலாக இருந்தது. மது ஒழிப்புக்காக 1874இல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தோடு இந்த வடிவத்தைச் சேர்த்துச் சொல்வது இங்கே வழக்கம். அதே பதினாறு சதுரங்களைத் திருப்பி வைத்தால் முழு வட்டங்கள் வரும், இன்னொரு விதமாக வைத்தால் கொடி ஓடும். ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு திசையில் திருப்பலாம். நிறங்களை இடம் மாற்றியும் தைக்கலாம். ஆகச் சதுரத்துக்கு எட்டு வழி. பதினாறு சதுரங்களுக்கு எட்டின் பதினாறாம் அடுக்கு, ஏறக்குறைய 2.8 கோடி கோடி. சில நாள் இரவு நான் தைப்பதே இல்லை, முடித்த சதுரங்களைக் கட்டிலில் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஊரில் குவில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் தாங்கள் சேர்த்திருந்த ஏறக்குறைய 950 குவில்ட்களை 1997இல் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008இல் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. அங்கே ‘இரட்டைத் திருமண மோதிரம்’ என்ற வடிவத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன். ஒன்றோடொன்று கோத்த வளையங்கள். ஒவ்வொரு வளையமும் விரல் அகலத் துண்டுகளால் ஆனது. 1928 வாக்கில் இந்தப் பெயரோடு பத்திரிகைகளில் அச்சாகி, 1930களின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் பரவியது. மாவும் தீவனமும் வரும் பூப்போட்ட பருத்திச் சாக்குகளையும் பிரித்துத் துவைத்துச் சட்டையும் போர்வையும் தைத்த காலம் அது. வேறு எதற்கும் உதவாத துண்டுக்குக்கூட அந்த வளையத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சிறு துண்டுகளை இணைக்கும் தையல்களைத் தவிர ஒரு நேர்கோடு இல்லை அதில். பணமே இல்லாத வருடங்களில், சிக்கனமாகச் சதுரங்களோடு நின்றிருக்கக்கூடிய பெண்கள், இத்தனை கஷ்டமான வளைவை எடுத்துக்கொண்டார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது.

இன்னும் பழைய குவில்ட்களில் நம் கரையின் துணியே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கொண்டு எழுதிய பூத்துணிகள் ஐரோப்பாவில் அப்படி விற்றன. தங்கள் நெசவாளர்களைக் காப்பதற்காக இங்கிலாந்தில் 1700இலும் 1721இலும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். முழுத் துணி வாங்கிப் போர்வையாக்க முடியாதவர்கள், கிடைத்த துண்டிலிருந்து ஒவ்வொரு பூவையும் அதன் வளைவோடு கத்தரித்து, விளிம்பை மடித்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். இங்கிலாந்தில் லீவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708 வாக்கில் இந்தியப் பூத்துணித் துண்டுகளால் தைத்த போர்வை இன்னும் இருக்கிறது. அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர்க் கை எழுதிய பூ, எந்த ஊர்க் கை வெட்டித் தைத்தது!

உன் கேள்விக்கு மறுபடியும் வருகிறேன். நம் இருவர் கைகளும் என்றாவது சும்மா இருந்திருக்கின்றனவா? சமையல், விடைத்தாள், குழந்தைகளின் சீருடைக்குப் பொத்தான். எல்லாமே யாருக்காவது, ஏதாவது ஒரு மணிக்குள். விடுதியில் இரவில் நீ ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. கூடை யாருக்கு என்று அப்போது நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. பிறகு அந்த முகத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. இவர் அடிக்கடி “எப்போது முடியும்?” என்று கேட்கிறார். முடிய வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. ஒரு போர்வை முடிந்தால் பேத்திக்குப் போகும், நல்லதுதான். ஆனால் என் சந்தோஷம் அந்த நாற்பது தையலுக்குள்ளேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஓய்வுபெற்ற பிறகு பொழுது கனக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மறு கண்ணும் ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நீ தொடங்கு. பெரிய ஆரத்தில் தொடங்கு. காரணம் உனக்கே தெரியும். ‘ட’ துண்டின் விளிம்பு மிகவும் இழுத்துப் பிடித்தால், தையலுக்கு விட்ட துணியில் பாதி ஆழம்வரை மட்டும் சிறு வெட்டுகள் போட்டுக்கொள். துணிக்கு அலைய வேண்டாம். உன் பீரோவில் இருக்கும் டூ பை டூ ரவிக்கைத் துணி மிச்சங்கள் போதும், பாப்ளின் இருந்தால் இன்னும் நல்லது. பாலியஸ்டர் கலந்தது நகத்துக்குப் படியாது, வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் நனைத்து உலர்த்து. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். மாதிரி அட்டை நுனி மழுங்காமல் இருக்கப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிக்கொள். நான் ஒரு ஜோடி வெட்டி, ஊசிப் பொட்டலத்தோடு, ஊருக்கு வரும் என் அக்கா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பதிலுக்கு எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். உன் ரவிக்கை மிச்சங்களில் அரக்கும் மயில் கழுத்து நிறமும் கொஞ்சம் அவனிடம் கொடுத்துவிடு; அந்த இரண்டும் நம் ஊரில் இருக்கிற மாதிரி இங்கே அமைவதில்லை. இன்னொன்று, அந்த 2.8 கோடி கோடியில், கட்டத்தை முழுசாகத் திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றெனவே எண்ணினால் எத்தனை தேறும் என்று கணக்குப் போட்டு எழுது. நான் நான்கால் வகுத்துப் பார்த்தேன், அது போதாது என்று தோன்றுகிறது. திருப்பினாலும் மாறாதவை சில இருக்குமே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி