இவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். கேரள பாணி மர அரண்மனை, அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு அப்படியே கன்னியாகுமரிக்கு சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய்விடலாம் என்று. அந்த அரை மணி நேரத்தைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் தக்கலைக்காரன். மே மாதம் பிறந்தால் வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்கிவிடுவார்கள், அவர்களை அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்ததுமே யாராவது ஒருவர் "இவ்வளவுதானா?" என்பார். மைசூரைப் பார்த்துவிட்டு வந்த கண். தங்க முலாம், குவிமாடம், சரவிளக்கு எதுவும் இங்கே கிடையாது. ஓட்டுக் கூரை, தாழ்ந்த வாசல் நிலை, குறுகிய மரப்படி, அவ்வளவுதான். மழையும் புழுக்கமும் மாறி மாறி வாட்டுகிற ஊரில் ஒரு ராஜா வீடு கட்டினால் எப்படிக் கட்டுவானோ அப்படிக் கட்டியிருக்கிறார்கள், அதைப் புரிந்துகொண்டால்தான் அரண்மனை கண்ணில் படும்.

முதலில் ஊர்ப் பெயர். பழைய பெயர் கல்குளம், இன்றைக்கும் தாலுகாவின் பெயர் அதுதான். உள்ளே இருக்கிற கட்டடங்களில் மூத்தது தாய்க்கொட்டாரம், 1550 வாக்கில் கட்டியது என்பார்கள். இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601-ஐ ஒட்டி, அரண்மனை பெரிதானது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா வந்து பாதிக்கு மேல் புதுப்பித்துக் கட்டி, நாட்டையே 1750-ல் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்து, தான் சாமியின் அடிமை என்று சொல்லிக்கொண்டு ஆண்டார். ஊருக்கும் சாமி பெயர் வந்தது. 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, இந்த அரண்மனை தப்பித்தது என்பது என் எண்ணம். ராஜாக்கள் இங்கேயே இருந்திருந்தால் இடித்துவிட்டு வெள்ளைக்காரன் பாணியில் ஏதாவது கட்டியிருப்பார்கள்.

1956 நவம்பர் 1-ல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே நின்றது. மண் நம்முடையது, சாவி அவர்களுடையது. இதைச் சொன்னதும் வருகிறவர்களில் பாதிப் பேர் பூமுகத்திலேயே (முகப்பு மண்டபம்) நின்று சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. மரத்தைக் கறையான் அரிக்காமல் யார் பார்த்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, பூமுகத்துக்கே வருவோம். எல்லோரும் சீன நாற்காலியையும் கருங்கல் கட்டிலையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், தலையைத் தூக்குவதில்லை. மேலே மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் மட்டும் தொண்ணூறு, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. அங்கே தொங்குகிற குதிரை விளக்கைக் காவலர் லேசாகத் திருப்பிக் காட்டுவார், எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும், சங்கிலி முறுக்கித் திரும்பி வராது. அந்தச் சங்கிலிக் கண்ணியைச் செய்த கொல்லன் பெயர் எங்கேயும் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

மாடியில் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு உட்கார்ந்து பேசின இடம். சன்னல் சட்டங்களில் வண்ண வண்ண அபிரகத் (மைக்கா) தகடு பதித்திருக்கிறது, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெளிச்சம் மட்டும் கொஞ்சமாகக் கசிந்து வரும், காற்று சிலுசிலுவென்று இருக்கும். தரை கண்ணாடி மாதிரிக் கறுப்பு. சிரட்டைக் கரி (உங்கள் பக்கம் கொட்டாங்குச்சி என்பீர்கள்), சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்து இழைத்து இழைத்துப் போட்ட தரை என்று சொல்வார்கள். "இவ்வளவுதானா" என்று கேட்ட என் அத்தான் ஒருவர் இங்கே வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து தன் மீசை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். தெரிந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவே மனசில்லை அவருக்கு.

ஊட்டுப்புரையைப் பற்றி உங்கள் நாலு வரியில் ஒன்றுமே இல்லை. கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர், தினமும் இலவசச் சாப்பாடு போட்ட இடம். நீளமான வெற்றுக் கூடம்தான், பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வரிசை இலையையும் பரிமாறுகிறவர்களின் ஓட்டத்தையும் மனசுக்குள் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். ஊறுகாய் போட்டு வைத்த சீனப் பரணிகள் (பெரிய ஜாடிகள்) இன்னும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ளும் அளவு.

தாய்க்கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துத் தூண் ஒன்று போதும், ஒற்றைப் பலா மரத்தில் பூவும் கொடியுமாகக் குடைந்தது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நில்லுங்கள். உப்பரிகை மாளிகை நாலு நிலை. கீழே கருவூலம், அதற்கு மேலே ராஜாவின் படுக்கை அறை, 64 வகை மூலிகை மரத்தில் செய்த கட்டில், டச்சுக்காரர்கள் கொடுத்த அன்பளிப்பு என்பார்கள். உச்சி நிலை சாமிக்கு. அங்கே சுவரெல்லாம் பச்சிலைச் சாயத்தில் வரைந்த ஓவியங்கள், ஆனால் எல்லோரையும் ஏற விடுவதில்லை, நல்லது. நவராத்திரி மண்டபம் மட்டும் முழுக்கக் கல். ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும்போது அரண்மனைப் பெண்கள் மர அழிக்கு, அதாவது மரக் கிராதிக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அழிக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் பாடு புரியும்.

டச்சுக்காரர் கட்டில் என்றேனே, அதற்கு ஒரு கதை உண்டு. 1741 ஆகஸ்ட் 10-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். அவர் ராஜாவின் காலடியில் ஆயுதத்தை வைக்கிற காட்சி அரண்மனையில் ஓவியமாக மாட்டியிருக்கிறது. அந்த ஆளைக் கொல்லாமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார் ராஜா. கடைசியில் 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆகி, 1777-ல் இங்கேயே செத்துப் போனார். அவர் கல்லறை அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயத்தில். கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அந்தக் கோட்டையைத் 'தில்லானைக் கோட்டை' என்றும் சொல்வதுண்டு, டி லனாய்தான் ஊர் வாயில் தில்லானை ஆகிவிட்டார். ஓவியத்தைப் பார்த்த கையோடு கல்லறையையும் பார்க்கிறவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

இன்னொன்று, இது வெறும் பழம்பொருள் காட்சி இல்லை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் அரண்மனைக் கோவிலான தேவாரக்கட்டின் சரஸ்வதி இங்கிருந்து யானை மேல் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் பல்லக்கில் கூடப் போவார்கள். அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும், களியக்காவிளையில் இரண்டு மாநிலமும் சேர்ந்து வரவேற்கும். அந்தச் சரஸ்வதி கம்பர் கும்பிட்டவள் என்று ஊரில் நம்புகிறோம். சிவராத்திரிக்கு வந்தால் இன்னும் விசேஷம், பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும் ஓடுகிற சிவாலய ஓட்டக்காரர்கள் விசிறியும் கையுமாக "கோவிந்தா, கோபாலா" என்று கத்திக்கொண்டு அரண்மனையைச் சுற்றியிருக்கிற கோட்டைக்குள்ளே கல்குளம் நீலகண்டசாமி கோவிலுக்கு ஓடி வருவார்கள். கோட்டைக்குள்ளே தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போவது சில ஏக்கர்தான், கோட்டை அதைவிட ரொம்பப் பெரியது. மதிலை ஒட்டி ஒரு சுற்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த தடவை எழுதும்போது அரை மணி நேரத்தை அரை நாள் என்று மாற்றிப் போடுங்கள். 'கேரளச் சுற்றுலா' தலைப்பின் கீழ் போடாமல், இடம் தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம் என்று எழுதுங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் மரவேலை தெரியும். அப்புறம் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். என் மைனி மதுரையிலிருந்து பிள்ளைகளோடு ஒரு திங்கட்கிழமை வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். இன்றைக்கும் யாராவது கேட்டால் "அரண்மனையா, பார்த்தாச்சே" என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தக்கலை.