மாடி அறையிலிருந்து ஒரு திறந்த மடல்: சென்னை நிறுவன நிர்வாகிகளுக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் மனிதவளத் துறையினருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான மெடிக்கல் பில்லிங் வேலை எனக்கு. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த கோரிக்கைகளை எடுத்து, ஏன் மறுத்தார்கள் என்று பார்த்து, சரிசெய்து திரும்ப அனுப்ப வேண்டும். 2020 ஊரடங்கு வரை வேளச்சேரி விடுதியில் தங்கி வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். இப்போது தோழிகள் ஒவ்வொருவருக்காக, வாரம் ஐந்து நாளும் நேரில் வந்தாக வேண்டும் என்று மெயில் வருகிறது. முடிவெடுக்கும் முன் எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

கிராமத்தில் நெட் நிற்காது என்பீர்கள். போன தை மாதம் சம்பா அறுப்புக்கு வந்த மெஷின், தாழத் தொங்கிய எங்கள் ஃபைபர் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. அப்போது மணி நாலு. ஆறரைக்கு எனக்கு ஷிஃப்ட். கேபிள்காரத் தம்பிகள் இருவர் வந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்தார்கள். கறுப்பு உறையை உரித்து, தலைமுடி போலிருந்த கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் இரு முனைகளையும் எதிரெதிரே வைத்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பொறி, இழை ஒட்டிக்கொண்டது. "அக்கா, லைட் எரியுதா பாருங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தபோது மணி ஏழு. அதுவரை அரை மணி நேரம் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை ஓடியது.

ஹாட்ஸ்பாட்டே எப்படிப் போதும் என்றால், நீங்கள் கொடுத்திருக்கும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்தான் காரணம். நோயாளியின் விவரம் எதுவும் என் லேப்டாப்பில் இறங்குவதில்லை. எல்லாம் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது. திரைப் படம் மட்டும் இங்கே வருகிறது, நான் தட்டும் எழுத்து அங்கே போகிறது. காப்பி எடுக்க முடியாது, பென் டிரைவ் வேலை செய்யாது, உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீடும் வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்க உள்ளங்கை அகல யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது என் கைக்காசு, நீங்கள் கொடுத்திருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. சென்னைத் தோழிகளுக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த நாள்களில் எங்கள் டீமின் வேலையை டெல்டாவிலும் மதுரைப் பக்கத்திலும் இருந்த நாங்கள்தான் இழுத்துப் பிடித்தோம். கஜா அடித்த 2018 நவம்பரில் இது தலைகீழாக இருந்தது. அப்பாவின் தென்னைகள் சாய்ந்து கிடக்க, நாலு நாள் வீட்டார் குரலைக் கேட்க முடியாமல் விடுதியில் உட்கார்ந்திருந்தேன். நாளை இங்கே இன்னொரு கஜா வந்தால் சென்னைத் தோழிகள் எங்களுக்காகத் தாங்குவார்கள். ஆட்கள் பல ஊர்களில் இருந்தால்தான் இது நடக்கும்.

என்னை உண்மையில் வருத்தும் விஷயம் வேறு. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினார்கள். மறுக்கப்பட்ட கோரிக்கை ஒன்றில் அறுவைசிகிச்சைக் குறிப்பை வரிவரியாகப் படிக்க வேண்டியிருக்கும். இருபது நிமிடம் கை அசையாது. அந்த இருபது நிமிடத்தை 'சும்மா இருந்தார்' என்று எழுதியது அது. படிக்காமல் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தவருக்கு நல்ல பெயர். எத்தனை கோரிக்கை முடித்தேன், எத்தனைக்குப் பணம் வந்தது, தணிக்கையில் எத்தனை பிழை என்ற கணக்கெல்லாம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்து எங்களை அளந்தால் போதும்.

இன்னொன்று. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 26 வார விடுப்புக்குப் பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று வழிவைத்தது. வேலையில் சேரும் பெண்ணுக்கு இந்தப் பயன்களைச் சொல்லியாக வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்த இருவர் குழந்தை பிறந்ததும் வேலையையே விட்டுவிட்டார்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் பக்கத்தில் ஆள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படிப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். அதற்கு அவர்கள் கிளாம்பாக்கத்தில்தான் வந்து இறங்க வேண்டுமா? தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ என்ற ஐ.டி. பூங்கா திறந்திருக்கிறார்கள். அங்கே பத்து இருக்கைகள் எடுங்கள். காலையில் மன்னார்குடி வழியாகப் பஸ் ஏறி, வாரம் இரண்டு நாள் வந்து கற்றுக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருத்தி