கர்சர் இருந்தால் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சாமான்களைச் சேர்ப்பது வீட்டை அடைக்கிற வேலை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரோடு சண்டைக்கு வரவில்லை. சென்ற மாதம் காலமான என் மேலதிகாரியின் நினைவு வந்தது, அவ்வளவுதான்.

அவர் கட்டுமானப் பொறியாளர். சேர்த்தது ஸ்லைடு ரூல், அதாவது நடுப்பட்டையை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் அளவுகோல்; மொத்தம் 63. 1972-இல் ஹெச்.பி.-35 கால்குலேட்டர் வந்து, எல்லோரும் ஸ்லைடு ரூலை மூட்டை கட்டிய பிறகுதான் இவர் சேர்க்கவே தொடங்கினார். யாராவது ஓய்வு பெறுகிறார் என்றால் போய் நிற்பார்: "டிராயரில் ஒன்று கிடக்குமே சார்?" ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். யாருடையது, எதைக் கணக்குப் போட்டது என்று. ஒன்றில், 'கொதிகலன். இரண்டு முறை தப்பு, மூன்றாவது சரி.'

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒன்றை எடுத்து, நடுப்பட்டையில் உள்ள 'சி' அளவின் 1-ஐ, கீழே அசையாமல் இருக்கும் 'டி' அளவின் 2-க்கு நேராக நகர்த்தினார். 'சி'யின் 3-க்கு நேர் கீழே 6, இரண்டையும் மூன்றையும் பெருக்கிய விடை.

"இது 6-ஆ, 60-ஆ, 600-ஆ?"

முழித்தேன்.

"அதை இது சொல்லாது தம்பி. தசமப் புள்ளி உன் தலையில்தான் இருக்கணும்."

இன்றும் கம்ப்யூட்டர் விடை தருவதற்கு முன் தோராயமாக ஓர் எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவேன். ஒருமுறை ஓர் உத்திரத்தின் சுமை பத்து மடங்கு கூடி வந்தது அப்படித்தான் பிடிபட்டது. பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டியது நான்தான்!

அவருடைய செல்லம், ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் செய்த ஸ்லைடு ரூல். மூங்கில் உடல், மேலே வெள்ளை செல்லுலாய்டு. ஈரக்காற்றிலும் நடுப்பட்டை இறுகாது என்பார். ஒரு கண்காட்சிக்கு இரவல் போன 10 அங்குல ஹெம்மி, கர்சர் இல்லாமல் திரும்பியது. கர்சர் என்றால், ரூலின் மேல் நகர்த்தி எண்ணைப் படிக்கிற, மயிரிழைக் கோடு போட்ட அந்தச் சின்னக் கண்ணாடி. அமைப்பாளர்களுக்கு மூன்று கடிதம் போட்டார், பதில் இல்லை. அதன் சீட்டில் 'கர்சர் தேடுகிறேன்' என்று எழுதி, தேதி போட்டிருக்கிறார். அதற்குக் கீழே வருடத்துக்கு ஒரு தேதியாக ஒன்பது தேதிகள்.

பெட்டியை அவர் மனைவி இப்போது என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ஹெம்மி கர்சர் யாரிடமாவது கிடந்தால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, கோடு தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்